பாறைக்குள் பொன், சுருளுக்குள் மரபணு

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் புகைவண்டி பங்காருபேட்டையில் நிற்கையில் மாரிக்குப்பத்துக் கிளைப்பாதை நம் கண்ணிற் படுகிறது. முன்னாளில் பௌரிங்பேட்டை எனப்பட்ட இந்நிலையத்தின் வழியாகவே வட ஆர்க்காட்டுத் தமிழர் பலர் தங்கவயல் சேர்ந்தனர். 2001-இல் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயினும், 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் பாறையைப் பெயர்த்தோரின் வழியினர் ஒன்றை நன்கறிவர்: பொன் இருப்பது வேறு, அதனை எட்டுவது வேறு.

நம் உயிரணுவிலும் இவ்விடரே உண்டு. ஓர் உயிரணுவின் டி.என்.ஏ. இழையை நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். அது ஹிஸ்டோன் என்னும் புரத உருளைகளைச் சுற்றி, குரோமாட்டினாக அணுக்கருவுள் அடங்கியுள்ளது. 1974-இல் ரோஜர் கோர்ன்பெர்க் இவ்வமைப்பை விளக்கினார். இவ்வாறு சுற்றப்பட்ட மரபணுவைப் படியெடுக்கும் நொதி எங்ஙனம் உள்ளே நுழையும்?

விடை ஈஸ்ட்டிலிருந்து கிடைத்தது. 1984-இல் ஒரு குழுவினர், சில ஈஸ்ட்டுகள் தம் பால்வகையை மாற்ற இயலாதிருப்பது ஏன் என்று தேடினர். வேறொரு குழுவினர், சில ஈஸ்ட்டுகள் கரும்புச் சர்க்கரையைப் புளிக்கவைக்க இயலாதிருப்பதை ஆராய்ந்தனர். இவ்விரண்டிற்கும் என்ன தொடர்பு என்றே நமக்குத் தோன்றும். இரு சாராரும் கண்ட மரபணுக்களுள் ஒன்று ஒன்றேயெனப் பின்னர்த் தெரிந்தது! ஆகவே அப்புரதக் கூட்டத்துக்கு ‘ஸ்விட்ச்-ஸ்னிஃப்’ என்ற இரட்டைப் பெயர் நிலைத்தது. அது ஏ.டி.பி. என்னும் ஆற்றற்பொருளைச் செலவிட்டு, ஹிஸ்டோனின் பிடியைத் தளர்த்துகிறது என்பது 1994-இல் சோதனைக் குழாயில் மெய்ப்பிக்கப்பட்டது. உருளை நகர்ந்தால் மரபணு வெளிப்படும், படியெடுப்புத் தொடங்கும். மனிதரிலும் இக்கூட்டம் உண்டு. புற்றுநோய்களில் 100-க்குச் சுமார் 20-இல் இதன் மரபணுக்கள் பழுதுற்றிருக்கின்றன.

பெங்களூரு ஜக்கூரிலுள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தில் தபஸ் குண்டு குழுவினர் இதற்கு அண்டைத் துறையில் உழைத்தனர். பி-300 என்னும் நொதி உருளையை நகர்த்துவதன்று; ஹிஸ்டோன்மீது அசெட்டைல் குறியிடுவது. நகர்த்தும் கூட்டங்களுட் சில அக்குறியைப் பற்றிக்கொண்டே வேலை செய்யும். முந்திரிக்கொட்டையின் ஓட்டுப் பாலிலுள்ள அனகார்டிக் அமிலம் அந்நொதியைத் தடுக்கிறதென 2003-இலும், மஞ்சளின் குர்குமினும் தடுக்கிறதென 2004-இலும் அவர்கள் வெளியிட்டனர். பண்ணுருட்டிப் பக்கத்தில் முந்திரி உடைப்போரின் விரலைப் புண்ணாக்கும் அதே பால்தான் அது.

இதனைக் கேட்டு, மஞ்சள் தின்றால் புற்று தீரும் என்று எவரும் மருத்துவத்தைக் கைவிடலாகாது. ஆய்வுக்கூடத்தில் உயிரணுக்களிடத்தே கண்டது அது. உண்ணும் குர்குமினிலோ மிகச் சிறிதளவே குருதியை அடைகிறது.