எழுதியதை எப்போது அழிக்கலாம்?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் நடந்த நிகழ்ச்சி இது. மாணவர் விவரங்களைச் சேமித்திருந்த கணினியில் இடம் நிறைந்துவிட்டது. எதை நீக்கலாம் என்று தேடிய நண்பர் ஒருவர், பெரிதாக இடத்தை அடைத்திருந்த சில பதிவுக் கோப்புகளைக் கண்டார். வெறும் குறிப்புகள்தாமே என்று அழித்துவிட்டார். அன்று மாலை மின்சாரம் தடைப்பட்டது. மறுநாள் தரவுத்தளம் திறக்க மறுத்தது. நகலும் எடுத்து வைக்கவில்லை. விடைத்தாள்களைத் தேடியெடுத்து மதிப்பெண்களை மறுபடியும் உள்ளிட்டோரில் நானும் ஒருவன். அந்தக் கோப்புகளுக்கு அப்படி என்ன வேலை என்ற கேள்வி என்னை ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தியது!

1494ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் லூக்கா பச்சோலி என்னும் துறவி ஒரு கணித நூலை அச்சிட்டு வெளியிட்டார். வெனிஸ் வணிகர்கள் கணக்கெழுதும் முறையும் அதில் விளக்கப்பட்டிருந்தது. நிகழ்ந்ததை முதலில் நினைவேட்டில் எழுத வேண்டும். அடுத்து அதை ஒழுங்குபடுத்திக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அதன் பின்னரே பேரேட்டில் அவரவர் கணக்குக்குக் கொண்டு செல்ல வேண்டும். பேரேட்டில் பற்று எழுதப்பட்டதும் குறிப்பேட்டுப் பதிவின்மேல் ஒரு கோடு. வரவு எழுதப்பட்டதும் இன்னொரு கோடு. கோடில்லாத பதிவு இன்னும் பேரேறவில்லை; ஒற்றைக் கோடுடையது பாதியில் நிற்கிறது; இரண்டு கோடுடையது முடிந்தது. எழுதியவர் இடையில் நோயுற்றாலும், அடுத்து வருபவர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கணினிக்கும் இதே சிக்கல் வந்தது. ஒருவர் கணக்கில் 100 வெள்ளியைக் கழித்து மற்றவர் கணக்கில் சேர்ப்பதற்குள் மின்சாரம் போனால் அந்தப் பணம் எங்கே? விரைவு கருதி மாற்றங்களை முதலில் நினைவகத்திலேயே செய்கிறோம். மின்சாரம் போனால் நினைவகமும் போயிற்று. 1970களில் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் இருந்த ஐபிஎம் ஆய்வகத்தில் சிஸ்டம் ஆர் என்னும் தரவுத்தளத்தை உருவாக்கியவர்கள் இதை எதிர்கொண்டனர். அவர்களுள் ஒருவரான ஜிம் கிரே 1978இல் எழுதிய குறிப்புகளில் விதி தெளிவாக உள்ளது: மாறிய தரவு வட்டுக்குப் போகுமுன், அம்மாற்றத்தைப் பற்றிய பதிவு வட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். குறிப்பேடு முதலில், பேரேடு பிறகு! கிரேக்கு 1998ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது. 2007 ஜனவரியில், தம் அன்னையின் அஸ்தியைக் கரைக்கச் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தனியே பாய்மரப் படகில் சென்ற அவர் திரும்பவேயில்லை.

விபத்துக்குப் பின் இப்பதிவேட்டைப் படித்துத் தரவுத்தளத்தை மீட்கும் முறையை 1992இல் ஏரீஸ் என்ற பெயரில் விரிவாக எழுதிய ஐவருள் முதல்வர் சி. மோகன். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர். விட்ட இடத்தை ஆராய்தல், பதிவானவற்றை மீண்டும் செய்தல், முற்றுப்பெறாதவற்றை நீக்குதல் என மூன்று படிகள் அதில் உண்டு.

ஆனால் பதிவேடு வளர்ந்துகொண்டே போனால் இடம் ஏது? நம் கரும்பலகையை எண்ணிப் பாருங்கள். பலகை நிறைந்ததும் இடப்பக்கத்தை அழித்து எழுதுகிறோம். அதற்குமுன், எல்லாரும் எழுதிவிட்டீர்களா என்று கேட்கிறோம். ஆரக்கிள் தரவுத்தளமும் சில பதிவுக் கோப்புகளைச் சுழற்சி முறையில் நிரப்புகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையைக் குறித்து வைக்கிறது. இப்போது எழுதப்படுவது ‘நடப்பு’. எழுதி நிறைந்தும், அதிலுள்ள மாற்றங்கள் எல்லாம் தரவுக் கோப்புகளைச் சென்றடையாதது ‘செயலில் உள்ளது’. மின்சாரம் போனால் மீட்புக்கு இதுவும் வேண்டும். மாற்றங்கள் அனைத்தும் சென்று சேர்ந்துவிட்டது ‘செயலற்றது’. பச்சோலியின் இரட்டைக் கோடு போன்றது. இன்னும் எழுதப்படாத புதிய கோப்புக்குப் ‘பயன்படுத்தாதது’ என்று பெயர்.

‘செயலற்ற’ கோப்பின் மீதுதான் மறுபடி எழுதப்படும். காப்பகத்தில் நகலெடுக்கும் ஏற்பாடு இருந்தால், அந்நகலும் முடிந்திருக்க வேண்டும். நடப்புக் கோப்பு நிறைந்து, மற்றவை எல்லாம் இன்னும் செயலில் இருந்தால், தரவுத்தளம் புதிய மாற்றங்களை ஏற்காமல் காத்திருக்குமேயன்றி, எதையும் அழிக்காது.

எங்கள் நண்பர் கோப்பின் அளவைத்தான் பார்த்தார், நிலையைப் பார்க்கவில்லை. அவர் அழித்தவற்றுள் நடப்புக் கோப்பும் ஒன்று.