படைக்கல உரிமையும் கொள்கைத் தூய்மையும்

கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலை 1869-ஆம் ஆண்டில் தோன்றியது. தேகு ரோட்டில் படைத்துறைக் கிடங்கு உள்ளது. இவ்விரண்டிற்கும் இடையே அமைந்த பிம்ப்ரி-சிஞ்ச்வடு வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர், படைத்துறைப் பணியை நாடியே இம்மண்ணுக்கு வந்தனர். எண்ணற்ற தோட்டாக்களைத் தம் கையால் செய்தும் எண்ணியும் அடுக்கியும் வாழ்ந்த அவர்களுள் ஒருவர், தம் வீட்டில் ஒரேயொரு துப்பாக்கி வைத்துக்கொள்ள விரும்பினாலும் அரசின் உரிமம் பெற்றே தீரவேண்டும். இதனை நாம் இன்று இயல்பென்றே கொள்கின்றோம். ஆயின் இந்திய அரசியலில் ஏறத்தாழ எழுபது ஆண்டுக் காலம் இஃது ஓர் எரியும் வினாவாக இருந்தது.

அவ்வினாவை இம்மலரில் ஆராய்வதற்குக் காரணம் உண்டு. தேர்தல்தோறும் புதியவர் சிலர் நம் குடியிருப்பின் வாயிலுக்கு வருகின்றனர். ஏதேனும் ஒரு சூடான பொருளைப் பற்றி அவர் உரைக்கும் ஒற்றை விடையைக் கொண்டு, "இவர் கொள்கையில் தூயவர்", "இவர் கலப்படக்காரர்" என்று அக்கணமே முத்திரை குத்தும் வழக்கம் பெருகி வருகின்றது. அந்த அளவுகோல் எத்துணைத் தூரம் செல்லும் என்பதற்குப் படைக்கலச் சட்டத்தின் கதை நல்லதொரு சான்று.

ஆயுதம் பறிக்கப்பெற்ற வரலாறு

தமிழகத்துக்கு இது பழைய புண். 1799-இல் கட்டபொம்மன் கயத்தாற்றிலும், 1801 அக்டோபரில் மருது சகோதரர் திருப்பத்தூரிலும் தூக்கிலிடப்பெற்றனர். அதே ஆண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர் நாட்டில் மக்கள் படைக்கலம் தாங்குதல் அதனால் தடுக்கப்பெற்றது. கோட்டைகள் இடிந்தன, வேலும் வல்லயமும் ஒடுங்கின.

1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் அவ்வையம் நாடு முழுவதும் பரவியது. 1878-இல் வைசிராய் லிட்டன் பிரபு இரு சட்டங்களைக் கொணர்ந்தார். ஒன்று தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம். மற்றொன்று படைக்கலச் சட்டம். முன்னது ரிப்பன் பிரபுவின் காலத்தில் 1882-இல் நீங்கிற்று; பின்னது நிலைத்து நின்றது. உரிமம் கேட்டது அதன் கொடுமையன்று. ஐரோப்பியர்க்கு உரிமம் வேண்டுவதில்லை, இந்தியர்க்கு மட்டும் வேண்டும் என்ற வேற்றுமையே அதன் கொடுமை. குடகர் போன்ற சிலர்க்கே விலக்குக் கிடைத்தது. நிலத்தில் புகும் பன்றியை விரட்ட வேண்டிய உழவன், தன்னை அரசு நம்பவில்லை என்னும் இழிவையும் சுமந்தான்.

இருபத்தொன்பது வயது இளைஞர்

1887 டிசம்பரில் காங்கிரஸ் மகாசபையின் மூன்றாம் மாநாடு சென்னையில் கூடிற்று. பத்ருதீன் தியாப்ஜி தலைமை தாங்கினார். 607 பிரதிநிதிகள் வந்திருந்தனர். படைக்கலச் சட்டத்தைத் திருத்துமாறு அரசை வேண்டும் தீர்மானம் அங்கே நிறைவேறிற்று. மக்களின் இராஜவிசுவாசத்தையும், சட்டத்தால் அவர்களுக்கு நேரும் இன்னலையும், அவர்கள்மீது சுமத்தப்பெற்ற தகாத இழுக்கையும் எடுத்துக்காட்டி, அரசைப் பணிந்து கேட்ட தீர்மானம் அது. அவ்வரங்கில் வங்கத்திலிருந்து வந்த புதியவர் ஒருவர் எழுந்து, இச்சட்டமே நீங்க வேண்டுமென்று வன்மையாக வாதாடினார். அவருக்கு அப்போது வயது இருபத்தொன்பது. பெயர் விபின் சந்திர பாலர்.

அப்பேச்சைக் கேட்டவர் அவரை என்னவென்று மதித்திருப்பர்? அஞ்சாநெஞ்சர் என்று சிலரும், நிதானமில்லாதவர் என்று பலரும் மதித்திருக்கக்கூடும். ஆனால் ஒரு மனிதரின் அளவு ஒரு மாநாட்டில் தெரிந்துவிடுவதில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1907-இல், அதே சென்னையின் கடற்கரையில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் தமிழிளைஞரை எழுப்பின. அரவிந்தருக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்து அவர் ஆறு திங்கள் சிறைப்பட்டார். 1908 மார்ச்சில் அவர் விடுதலையானதை வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் திருநெல்வேலிச் சீமையில் கொண்டாடினர். அவர்களைச் சிறைப்படுத்தியபோது மூண்ட கலகத்தில் நால்வர் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியாயினர்.

இத்துணைப் புகழ் பெற்ற பாலர், 1921-இல் பாரிசால் மாநாட்டில் ஒத்துழையாமைத் திட்டத்தை எதிர்த்துப் பேசினார். கொண்டாடிய உலகமே அவரைக் கைவிட்டது. ஆயினும் உற்று நோக்குவார்க்கு ஒன்று புலப்படும். 1887-இலும் 1921-இலும் அவர் செய்தது ஒன்றே: கேட்போர்க்கு உவப்பானதைச் சொல்லாமல், தாம் நம்பியதை அவையின் நடுவே நின்று சொன்னார். நிறத்தை மட்டும் பார்த்தவர்க்கு அவர் இருவராகத் தோன்றினார். நடத்தையைப் பார்த்தவர்க்கு ஒருவராகவே நின்றார்.

மறைவில் எடுத்த துப்பாக்கி

முறையிட்டோர் ஒருபுறம் இருக்க, மறைவில் துப்பாக்கி எடுத்தோரும் இருந்தனர். 1897 ஜூன் 22-ஆம் நாள், கொள்ளைநோய்த் தடுப்பின் பெயரால் புனே மக்களை வாட்டிய ராண்டு என்னும் அதிகாரியைச் சுட்டவர்கள், நம் பக்கத்து ஊராகிய சிஞ்ச்வட்டின் சாபேகர் சகோதரர்கள். 1911 ஜூன் 17-இல் மணியாச்சி நிலையத்தில் வாஞ்சிநாதன் ஆட்சியர் ஆஷைச் சுட்டார். உயிரைத் துச்சமெனக் கருதியவர்க்குச் சட்டம் தடையாகவில்லை. அடங்கி நடந்தவர்க்கே அது தடையாயிற்று. இக்குறையும் சேர்ந்தே சட்டத்தின்மேல் வெறுப்பை வளர்த்தது.

அறவோர் கேட்ட உரிமம்

இனி வியப்புக்குரிய செய்தி ஒன்று. படைக்கலச் சட்டத்தை மிகக் கடுமையாகக் கண்டித்தோருள் காந்தியடிகளும் ஒருவர். 1918-இல் கேடா மாவட்டத்தில் பட்டாளத்துக்கு ஆள் திரட்டச் சென்றபோது, ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் நிராயுதபாணிகளாக்கிய அச்சட்டத்தை ஆங்கில ஆட்சியின் பெரும் பழிகளுள் ஒன்றென அவர் எழுதினார். "அகிம்சை பேசும் நீங்களா எங்களைப் படைக்கலம் எடுக்கச் சொல்கிறீர்கள்?" என்று மக்கள் அவரையே கேட்டனர். 1930 ஜனவரியில், உப்பு அறப்போருக்கு முன், வைசிராயிடம் அவர் வைத்த பதினொரு கோரிக்கைகளுள் இறுதியானது, தற்காப்புக்கான துப்பாக்கி உரிமம் மக்களின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு வழங்கப்பெற வேண்டும் என்பது.

ஒற்றை விடையைக் கொண்டு அளப்பவர் இங்கே திகைத்து நிற்பர். அடிகளின் நோக்கில் முரண் இல்லை. கையில் ஆயுதம் இருந்தும் எடுக்க மறுப்பவனே அகிம்சைக்கு உரியவன். பிறர் பறித்ததனால் வெறுங்கையனாய் நிற்பவன் அடங்கியவனே அன்றி அறவோன் அல்லன். அவர் கேட்டது துப்பாக்கியை அன்று. தாமே துறக்கும் உரிமையை.

அரசியல் நிர்ணய சபையில்

1928-ஆம் ஆண்டின் நேரு அறிக்கையும், 1931-இல் சர்தார் படேல் தலைமையில் கூடிய கராச்சி காங்கிரஸின் தீர்மானமும், விதிகளுக்கு உட்பட்டுப் படைக்கலம் வைத்திருத்தலைக் குடிமகனின் உரிமையாகவே பட்டியலிட்டன. 1948 டிசம்பர்த் தொடக்கத்தில் அடிப்படை உரிமைகள் விவாதத்துக்கு வந்தபோது, எச்.வி.காமத் இவ்வுரிமையையும் சேர்க்குமாறு திருத்தம் கொடுத்தார். ஐ.சி.எஸ். பதவியைத் துறந்து சுபாஷ் சந்திர போஸுடன் நின்றவர் அவர். கராச்சித் தீர்மானத்தை அவர் சபைக்கு நினைவூட்டினார். கொள்கைத் தூய்மை வேண்டுவார்க்கு அவர் பக்கமே நியாயம் என்று தோன்றும்.

விடையிறுத்தவர் டாக்டர் அம்பேத்கர். காங்கிரஸ்காரர் அல்லாத ஒருவர், காங்கிரஸின் பழைய தீர்மானம் ஏன் இனிப் பொருந்தாது என்று விளக்க நேர்ந்தது. அந்நியர் அரசு நம்மிடம் ஆயுதத்தை மறுத்தது அமைதியைக் காப்பதற்காக அன்று. அடிமைப்பட்ட மக்கள் தன்னை எதிர்த்துவிடக் கூடாது என்பதற்காக. அந்த அடிப்படை இன்று மறைந்துவிட்டது. எவரும் சந்தைக்குச் சென்று தடையின்றிக் கொலைக்கருவி வாங்கலாம் என்றால் எந்த அரசும் ஆட்சி நடத்த இயலாது. இதுவே அவர் வாதத்தின் சாரம். காந்தியடிகள் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாகி அப்போது பத்துத் திங்களே கடந்திருந்தன. காமத்தின் திருத்தம் ஏற்கப்படவில்லை. அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையே அரசியலமைப்பின் 19-ஆம் விதியில் இடம் பெற்றது.

அமெரிக்கக் குடியரசோ 1791-லேயே படைக்கல உரிமையைத் தன் அரசியலமைப்பில் பொறித்துக்கொண்டது. துப்பாக்கி ஏந்திப் போரிட்டுப் பிறந்த நாடு அதனைக் காத்துவருகின்றது. துப்பாக்கி உரிமையை இரந்து நின்ற நாடு விடுதலைக்குப் பின் அதனை விட்டொழித்தது. 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் வந்து, 1962 அக்டோபர் முதல் நாள் நடைமுறையாயிற்று. பயிர்க் காப்புக்கு உரிமம் தரும் வழி அதில் உண்டு. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது.

எவ்வாறு அளப்பது?

ஆகவே புதியவரை எவ்வாறு அளப்பது? வள்ளுவப் பெருந்தகை ஆராய்ந்து தெளிவதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தவர். இவ்வரலாறும் நமக்கு மூன்று வினாக்களைத் தருகின்றது.

முதலாவது, இவர் கேட்கும் உரிமை எல்லார்க்குமா, தம்மவர்க்கு மட்டுமா? 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நஞ்சு இவ்வேற்றுமையில்தான் இருந்தது. இரண்டாவது, தாம் சொன்னதற்காக இவர் எதையேனும் இழந்தது உண்டா? பாலர் சிறையையும் ஏற்றார். பின்னர்ப் புகழிழப்பையும் ஏற்றார். மூன்றாவது, நிலை மாறும்போது காரணத்தை அவைநடுவே கூறுகின்றாரா, அன்றி ஓசையின்றி நழுவுகின்றாரா? அம்பேத்கர் காரணம் கூறினார். அதனாலேயே அவரை ஏற்கவும் மறுக்கவும் நமக்கு இயல்கின்றது. பழைய வாக்குறுதியை எடுத்துக்காட்டிய காமத்தும் நன்றே செய்தார். அவர் கேளாதிருந்தால் அவ்விளக்கம் ஏட்டில் ஏறியிராது.

பிம்ப்ரி-சிஞ்ச்வட்டுக்கு 2018-ஆம் ஆண்டிலிருந்து தனிக் காவல் ஆணையரகம் உள்ளது. துப்பாக்கி உரிமம் கேட்பவரை அது விசாரித்தே முடிவு செய்கின்றது. துப்பாக்கி கேட்பவரைப் பற்றி இத்துணை விசாரணை உண்டு. துப்பாக்கிகளையும் காவலரையும் கருவூலத்தையும் ஆளும் அதிகாரத்தை நம்மிடம் கேட்டு வருபவரை விசாரிக்கும் பொறுப்போ வாக்காளராகிய நம்முடையது. அன்பர்களே, அடுத்த முறை வாயிலில் குரல் கேட்கும்போது இம்மூன்று வினாக்களையும் கேட்டு, விடையைப் பொறுமையுடன் கேளுங்கள்.