மாமாவோட டிரம் மெஷின்: 1983-ல் போட்ட ஒரு ஒப்பந்தம் என் போன்ல வேலை செஞ்ச கதை

இந்த எபிசோடை ஒரு பேட்டரியில இருந்து ஆரம்பிக்கிறேன்.

என் மாமா மதுரையில ரொம்ப வருஷம் மெல்லிசைக் குழுவுல ரிதம் வாசிச்சவர். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, காலேஜ் ஆண்டு விழான்னு எல்லா மேடையும் பார்த்தவர். 1980கள் கடைசியில வந்த ஒரு டிரம் மெஷின் இன்னும் அவர் பீரோவுல இருக்கு. அதுல நாற்பத்திச் சொச்சம் பேட்டர்ன். எல்லாமே அவரே விரலால தட்டித் தட்டி ஏத்தினது.

இந்தத் தீபாவளிக்குப் போனப்ப அதை ஆன் பண்ணினோம். ஸ்கிரீன்ல பேட்டரி தீரப்போகுதுன்னு எச்சரிக்கை. அந்தக் காலத்து மெஷின்கள்ல மெமரிக்கு எப்பவும் கொஞ்சம் கரண்ட் வேணும். ப்ளக்கைக் கழட்டினாலும் அந்தக் கரண்ட்டைக் கொடுக்கறது உள்ளே இருக்கற சின்ன லித்தியம் பேட்டரிதான். அது செத்தா எல்லாம் அழிஞ்சிடும். பேட்டரியை மாத்தலாம்னு பார்த்தா, போர்டோட சாலிடர் பண்ணி வெச்சிருக்காங்க. கேசட்ல பேக்கப் எடுத்து வெச்சிருந்தாராம், அந்த கேசட்ல பூஞ்சை பிடிச்சிருக்கு.

"மாப்ள, நீ இன்ஜினியர்தானே? எப்படியாவது போன்ல ஏத்திக் கொடு."

சத்தத்தை மட்டும் ரெக்கார்ட் பண்றது சுலபம். ஆனா மாமா கேட்டது அது இல்ல. பாடகருக்கு ஏத்த மாதிரி வேகத்தைக் கூட்டணும், குறைக்கணும், ஒரு அடியை மட்டும் மாத்தணும். அதாவது சத்தம் வேண்டாம், எந்த அடி எப்ப விழுதுங்கற கணக்கு வேணும். மெஷினுக்குப் பின்னாடி அஞ்சு ஓட்டையோட வட்டமா ரெண்டு சாக்கெட். ஒண்ணுல மிடி இன், இன்னொண்ணுல மிடி அவுட்னு எழுதியிருந்துச்சு. 35 வருஷத்துக்கு மேல ஆன மெஷின், போன வருஷம் வாங்கின போன். ரெண்டும் எப்படிப் பேசிக்கும்? அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

ஆளுக்கு ஒரு கணக்கு

1980-ல ரெண்டு முக்கியமான டிரம் மெஷின்கள் வந்தது. ஒண்ணு, அமெரிக்காவுல ரோஜர் லின் உருவாக்கின எல்எம்-1. உண்மையான டிரம்ஸை ரெக்கார்ட் பண்ணி, அந்தச் சத்தத்தையே சிப்புக்குள்ள வெச்ச மெஷின். விலை சுமார் 5,000 டாலர். இன்னொண்ணு, ஜப்பான்ல ரோலண்ட் கம்பெனியோட டிஆர்-808. அதுல சத்தம் எல்லாமே சர்க்யூட்லயே பிறக்கும். விலை எல்எம்-1ல கால்வாசி கூட இல்ல.

ரெண்டையும் ஒரே பாட்டுல ஓட விட்டா என்ன ஆகும்? ஒண்ணா ஓடணும்னா ஒரு மெஷின் இன்னொண்ணுக்கு விடாம "டிக் டிக்"னு துடிப்பு அனுப்பணும். ரோலண்ட் ஒரு பீட்டுக்கு 24 துடிப்பு அனுப்பும். லின் மெஷினுக்கு 48. ஓபர்ஹைம் கம்பெனிக்கு 96. ரோலண்ட்ல இருந்து நேரா ஒயரை இழுத்து லின் மெஷின்ல சொருகினா, அது பாதி வேகத்துலதான் ஓடும். ஒரே கம்பெனியோட சாமான்களா வாங்கினா நிம்மதி, இல்லன்னா நடுவுல ஒரு கன்வெர்ட்டர் பெட்டி. ஆளுக்கொரு சார்ஜர் பின் இருந்த பழைய செல்போன் காலம் ஞாபகம் வருதா? அதே கதைதான்.

இதை மாத்தணும்னு முதல்ல கிளம்பினவர் ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ காகேஹாஷி. 1930-ல ஒசாகாவுல பிறந்தவர். சின்ன வயசுலயே அப்பா அம்மாவை இழந்தவர். முறையா இசை படிச்சவர் இல்ல. 1981 ஜூன்ல, அமெரிக்காவுல நடந்த நாம் இசைக்கருவி கண்காட்சியில, எல்லா கம்பெனிக்கும் பொதுவா ஒரு இணைப்பு வேணும்னு டாம் ஓபர்ஹைம்கிட்ட பேசினார். அந்தப் பேச்சு டேவ் ஸ்மித்கிட்ட போச்சு. கலிஃபோர்னியாவுல சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நடத்தினவர். பெர்க்லி பல்கலைக்கழகத்துல கம்ப்யூட்டரும் எலக்ட்ரானிக்ஸும் படிச்ச இன்ஜினியர்.

ஸ்மித்தும் அவர் கூட வேலை செஞ்ச செட் வுட்டும் 1981 நவம்பர்ல, நியூயார்க்ல நடந்த ஆடியோ இன்ஜினியர்கள் மாநாட்டுல ஒரு திட்டத்தை வெச்சாங்க. அமெரிக்கக் கம்பெனிகள் பலதுக்கு அதுல ஆர்வம் வரல. ஆளாளுக்கு ஒரு மாற்றம் கேட்டாங்க. கடைசி வரைக்கும் நின்னது சீக்வென்ஷியலும் நாலு ஜப்பான் கம்பெனிகளும்தான்: ரோலண்ட், யமஹா, கோர்க், கவாய். மார்க்கெட்ல ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்கிட்டிருந்த போட்டியாளர்கள் இவங்க.

1983 ஜனவரி, அனஹைம் நகரத்துல நாம் கண்காட்சி. சீக்வென்ஷியலோட ப்ராஃபெட்-600, ரோலண்டோட ஜூபிட்டர்-6, நடுவுல ஒரு கேபிள். ஒண்ணுல கட்டையை அழுத்தினா இன்னொண்ணு பாடுது. அதே வருஷம் ஆகஸ்ட்ல மிடி 1.0 விதிகள் வெளியாச்சு. இதைப் பயன்படுத்த லைசென்ஸ் கட்டணம்னு ஒரு பைசா கிடையாது. யார் வேணும்னாலும் தன் மெஷின்ல வெச்சுக்கலாம். இன்னிக்கு ஓப்பன் ஸ்டாண்டர்ட்னு நாம பெருமையா பேசற விஷயத்தை இவங்க அன்னிக்கே செஞ்சுட்டாங்க.

மூணு பைட், நேரம் கிடையாது

மிடி கேபிள்ல சத்தம் போகாது, கட்டளைதான் போகும். "இந்த சேனல்ல, இந்த நம்பர் நோட், இவ்வளவு அழுத்தமா அடி." மூணே மூணு பைட். வேகம் நொடிக்கு 31,250 பிட். ஒரு அடி போய்ச் சேர ஒரு மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் கம்மியா ஆகும். நம்ம ஊர் மேடைகள்ல எல்லாருக்கும் தெரிஞ்ச பேர் ஆக்டோபேட். 1985-ல வந்த முதல் ஆக்டோபேடுக்குள்ள சத்தமே கிடையாது. குச்சியால தட்டினா மிடி கட்டளை மட்டும் அனுப்பும். பாடறது வேற மெஷின்.

இதுல நான் கவனிக்காம விட்ட ஒரு விஷயம் இருக்கு. அந்த மூணு பைட்ல நேரம் எழுதியிருக்காது. "இது மூணாவது பீட்ல விழ வேண்டிய அடி"ன்னு எந்தக் குறிப்பும் இல்ல. கட்டளை வந்து சேர்ற அந்த நொடிதான் அதோட நேரம். மேடையில வாசிக்கறதுக்காகப் பண்ணின ஏற்பாடு, அதனால அது போதுமா இருந்துச்சு. ரெக்கார்ட் பண்ற கருவிதான் தன் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறிச்சுக்கணும். கடிகாரம் ரெண்டு இருந்தா வம்பு.

அந்த வம்புலதான் நான் மாட்டினேன். ஒரு யூஎஸ்பி மிடி கேபிள் வாங்கி, மெஷினோட மிடி அவுட்டை போன்ல சொருகினேன். போன் உடனே கண்டுபிடிச்சுடுச்சு. ஐபோன்ல 2010-ல இருந்தும், ஆண்ட்ராய்டுல 2015-ல இருந்தும் மிடி உள்ளேயே இருக்கு. ஆப்ல ரெக்கார்ட் பட்டனை அழுத்தி, மெஷின்ல ஸ்டார்ட்டைத் தட்டினேன்.

முதல் அதிர்ச்சி, கிக் டிரம் விழ வேண்டிய இடத்துல மணி மாதிரி ஏதோ அடிச்சுது. மாமா சிரிச்சே விழுந்துட்டார். கிக்னா 36, ஸ்னேர்னா 38, மூடின ஹை-ஹேட்னா 42 அப்படிங்கற பொது நம்பர் வரிசை ஜெனரல் மிடிங்கற பேர்ல 1991-லதான் வந்துச்சு. மாமா மெஷின் அதுக்கு முந்தினது, அதோட நம்பர் வரிசையே வேற. ஆப்ல ஒவ்வொரு நம்பரா உட்கார்ந்து மாத்தினேன். அரை மணி நேர வேலை.

ரெண்டாவது அதிர்ச்சி பெருசு. மெஷின்லயும் ஆப்லயும் 120 பிபிஎம்னுதான் வெச்சிருந்தேன். ஆனா ஆரம்பிச்ச இடமே ஒட்டல. நாலு பார் போனதும் அடிகள் எல்லாம் கோட்டை விட்டு மெதுவா நகர ஆரம்பிச்சுது. ரெண்டு கடிகாரமும் அச்சு அசலா ஒண்ணு இல்ல. நான் என்ன பண்ணினேன்? ஒரு சாஃப்ட்வேர்காரன் பண்ற முதல் தப்பு. குவாண்டைஸ் பட்டனை அழுத்தினேன். எல்லா அடியும் போய் பக்கத்துக் கோட்டுல டக்குன்னு ஒட்டிக்கிச்சு. ஸ்கிரீன்ல பார்க்க அவ்வளவு அழகு. ஆறு பேட்டர்னை அப்படியே சேவ் பண்ணி, பெருமையா மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன்.

ஒரு நிமிஷம் கேட்டார். "தாளம் சரிதான் மாப்ள. ஆனா இது நான் வாசிச்சது இல்ல."

கோட்டுக்கும் கைக்கும் நடுவுல

குவாண்டைஸுக்கும் ஒரு கதை இருக்கு. ரோஜர் லின் எல்எம்-1 பண்ணும்போது, விரல் தட்டற நேரத்தைப் பக்கத்துல இருக்கற பதினாறில் ஒரு பங்கு இடத்துக்குத் தள்ளித்தான் மெமரியில வெச்சார். வாசிச்சுப் பார்த்தா, தடுமாறித் தட்டினது கூட சுத்தமா கேட்டுச்சு. அதையே ஒரு வசதியா மாத்திட்டார். ஆனா அதோட நிறுத்தல. ஒண்ணு விட்டு ஒண்ணு வர்ற அடிகளைக் கொஞ்சம் தாமதமா விழ வைக்கற ஸ்விங்கையும் சேர்த்தார். ரொம்பச் சுத்தமா இருந்தா பாட்டு ஆடாதுன்னு குவாண்டைஸைக் கொண்டுவந்த ஆளுக்கே தெரிஞ்சிருக்கு.

மாமாவோட ஸ்னேர் எப்பவும் கொஞ்சம் பின்னாடிதான் விழும். பாடகர் மூச்சு எடுக்க அந்த இடம் வேணும்பார். நான் அழிச்சது அந்த இடத்தைத்தான். நல்லவேளை, மெஷின்ல இன்னும் உயிர் இருந்துச்சு.

திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிச்சோம். இந்த முறை இன்னொரு கேபிளையும் சொருகினேன், போன்ல இருந்து மெஷினோட மிடி இன்னுக்கு. மிடியில தனியா ஒரு கடிகாரத் துடிப்பு இருக்கு. ஒரு பீட்டுக்கு 24, அந்த ரோலண்ட் கணக்கேதான். 120 வேகத்துல ஏறக்குறைய 21 மில்லிசெகண்டுக்கு ஒரு துடிப்பு. மெஷினை வெளிக் கடிகாரத்துக்கு மாத்தி, போனைத் துடிப்பு அனுப்ப வெச்சேன். போன்ல ரெக்கார்டைத் தொட்டதும் மெஷின் தானா ஓட ஆரம்பிச்சுது. இப்போ கடிகாரம் ஒண்ணுதான். குவாண்டைஸைத் தொடவே இல்ல. ஸ்னேர் அதே மாதிரி கோட்டுக்குக் கொஞ்சம் பின்னாடி, பார் பாரா அதே இடத்துல உட்கார்ந்துச்சு.

"அப்ப இனிமே தாளம் பிடிக்கறது உன் போனா?" மாமா கேட்டார்.

"போன் எண்ணிக்கை மட்டும்தான் சொல்லுது மாமா. எங்க அடிக்கணும்ங்கறது உங்களோடதுதான்."

ராத்திரி ரெண்டு மணிக்கு எல்லா பேட்டர்னும் போன்ல ஏறிடுச்சு. ரெண்டு காப்பி எடுத்து வெச்சேன். மறுநாள், ரேடியோ ரிப்பேர் பண்ற மாமாவோட நண்பர் பழைய பேட்டரியை எடுத்துட்டுப் புதுசை சாலிடர் பண்ணிக் கொடுத்தார். ஆன் பண்ணினோம். எதிர்பார்த்தபடியே உள்ளே ஒண்ணுமே இல்ல. மாமா முகம் ஒரு நிமிஷம் வாடிடுச்சு.

அப்புறம் போன்ல ப்ளேயைத் தொட்டேன். போன்ல இருந்து கட்டளை போச்சு, மெஷின் தன் பழைய சத்தத்துலயே மாமா பேட்டர்னை வாசிச்சுது. அவர் எதுவும் பேசல. மேஜையில விரல் மட்டும் தாளம் போட்டுச்சு.

காகேஹாஷிக்கும் ஸ்மித்துக்கும் 2013-ல டெக்னிக்கல் கிராமி விருது கொடுத்தாங்க. காகேஹாஷி 2017-ல, ஸ்மித் 2022-ல இறந்துட்டாங்க. 2020-ல மிடி 2.0 வந்துச்சு, ஆனா பழைய 1.0 கருவிகளைக் கைவிடல. நான் வேலையில எழுதற கோடு ரெண்டு வருஷம் உடையாம ஓடினாலே எங்க டீம்ல ஆச்சரியப்படுவோம். இது 40 வருஷம் தாண்டியும் ஓடுது. போட்டியாளர்கள் அஞ்சு பேர் ஆளுக்கொரு பூட்டு போடாம விட்டதால, மதுரையில ஒருத்தரோட கை வேகம் அழியாமப் பிழைச்சுது.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு பழைய கீபோர்டோ ரிதம் பெட்டியோ தூங்கிக்கிட்டிருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை அதைத் திருப்பிப் பாருங்க. பின்னாடி அஞ்சு ஓட்டை சாக்கெட் இருக்கான்னு பாருங்க. இருந்தா, பேட்டரி தீர்றதுக்கு முன்னாடி ஒரு கேபிள் வாங்கிடுங்க. அப்புறம், தயவுசெஞ்சு குவாண்டைஸ் பண்ணாம ஒரு காப்பி எடுத்து வைங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.