பொத்துவிலில் தொடங்கிய ஐந்து நாள்கள்: 2021 எழுச்சிப் பேரணி

'பொத்துவில் தொடக்கம் பொலிகண்டி வரை' என அழைக்கப்படும் மக்கள் எழுச்சிப் பேரணி 2021 பெப்ரவரி 3ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தின் பொத்துவிலில் தொடங்கி, 7ஆம் திகதி வடமராட்சியின் பொலிகண்டியில் நிறைவடைந்தது. வடக்கு, கிழக்கு சிவில் சமூக அமைப்புகள் இதனை ஒழுங்கு செய்தன. வேலன் சுவாமிகளும் சி.சிவயோகநாதனும் முன்னின்று நடத்தினர். இடையில் வந்த பெப்ரவரி 4, நாட்டின் சுதந்திர தினம். தமிழர்களில் பலர் அதைக் கரிநாளாகவே கொள்வதால், திகதி தற்செயலாக அமைந்ததல்ல.

தொடங்கிய இடமும் அப்படித்தான். பொத்துவில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாகவும் தமிழர்கள் அவர்களோடு அயலிலும் வாழும் கரையோர ஊர். முகுது மகா விகாரையைச் சுற்றியுள்ள காணிகள் தொடர்பில் அங்கு நீண்டகாலச் சர்ச்சை உண்டு. 2020 ஜூனில் கிழக்கின் தொல்பொருள் மரபுரிமைகளுக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டு, பாதுகாப்புச் செயலாளர் கமல் குணரத்ன அதன் தலைவரானார். தமிழும் முஸ்லிமும் பெரும்பான்மையாக உள்ள மாகாணத்துக்கான அந்தச் செயலணியில், தொடக்கத்தில் இவ்விரு சமூகங்களிலிருந்தும் ஒருவர்கூட இல்லை.

கோரிக்கைகளும் இதே மண்ணிலிருந்து வந்தவை. காணி அபகரிப்பும் வழிபாட்டிடங்கள் மீதான தலையீடும் நிறுத்தப்பட வேண்டும். வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோருக்கு நீதி வேண்டும். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அடைக்கப்பட்டோர் விடுவிக்கப்பட வேண்டும். யாழ். பல்கலைக்கழக முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி ஜனவரி 8ஆம் திகதி இரவு இடிக்கப்பட்ட காயமும் ஆறியிருக்கவில்லை. இவற்றோடு மலையகத் தோட்டத் தொழிலாளரின் 1,000 ரூபா நாட்சம்பளமும், முஸ்லிம்களின் ஜனாஸா எரிப்பும் பட்டியலில் இடம்பெற்றன. இந்தக் கடைசி இரண்டும்தான் பேரணியின் கதையையே மாற்றின.

கொரோனாவால் இறந்தோரை எரிக்க வேண்டும் என்ற வர்த்தமானி 2020 ஏப்ரலில் வந்தது. 20 நாள் சிசுவின் உடல்கூட அந்த டிசம்பரில் எரிக்கப்பட்டது. இந்த வேதனையோடுதான் அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் காத்தான்குடியிலும் முஸ்லிம்கள் வீதிக்கு வந்தார்கள். 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலை, வீரமுனைப் படுகொலை, வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டமை என இரு தரப்புக்கும் மறக்க முடியாதவை உண்டு. கல்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரச்சினை 2019இல் உண்ணாவிரதம் வரை போன ஊர் அது. அங்கே ஒருவரையொருவர் வரவேற்றுத் தண்ணீர் கொடுத்தது, வெளியூர்க்காரருக்குச் சிறிய விடயமாகத் தெரியலாம்.

பேரணியைத் தடுக்கப் பொலிஸார் பல பிரிவுகளில், பெயர் குறிப்பிட்டு நீதிமன்றத் தடையுத்தரவுகளைப் பெற்றனர். முதல் நாள் மழை. திருகோணமலைப் பக்கம் வீதியில் ஆணிகள் போடப்பட்டிருந்தன. முழுத் தூரமும் நடந்தே கடக்கப்பட்டது என்பது மிகைப்படுத்தல். பல இடங்களில் வாகனத் தொடரணியாகவே சென்றது. மட்டக்களப்பு, திருகோணமலை, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார், கிளிநொச்சி வழியாகச் செல்லச் செல்லக் கூட்டம் பெருகியது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 முதல் வீதியோரத்தில் போராடிவரும் தாய்மாரின் கோரிக்கை வழிநெடுக ஒலித்தது. கட்சிகளாகப் பிரிந்துநின்ற நாடாளுமன்ற உறுப்பினர்களும் ஒரே வீதியில் வந்தனர். வன்முறை எதுவும் பேரணியினர் பக்கமிருந்து வரவில்லை. பின்னர் கலந்துகொண்டோரிடம் பொலிஸார் வாக்குமூலம் பெற்றனர்.

பெப்ரவரி பிற்பகுதியில் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது; மார்ச் 5 முதல் ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. அதற்குள் 270க்கும் மேற்பட்ட முஸ்லிம்களின் உடல்கள் எரிக்கப்பட்டிருந்தன. அரசின் மன்னிப்பு 2024 ஜூலையில்தான் வந்தது. இந்த மாற்றத்தை பேரணி மட்டும் கொண்டுவந்ததாகக் கூற முடியாது. இஸ்லாமிய நாடுகளின் அழுத்தமும், பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கானின் வருகையும், ஜெனீவா கூட்டத்தொடரும் சேர்ந்து நின்றன. மார்ச் 23இல் மனித உரிமைப் பேரவையின் 46/1 தீர்மானம் 22 வாக்குகளால் நிறைவேறியது. எதிராக 11, நடுநிலை 14.

காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், பயங்கரவாதத் தடைச் சட்டம் ஆகியவற்றில் அந்த ஆண்டு பெரிதாக எதுவும் நகரவில்லை. வீதியில் கண்ட தமிழ், முஸ்லிம் நெருக்கத்தை இரு தரப்பு அரசியல் தலைமைகளும் நிரந்தர ஏற்பாடாக்கவும் இல்லை. 2023 பெப்ரவரி 4ஆம் திகதி யாழ். பல்கலைக்கழக மாணவர்கள் மீண்டும் புறப்பட்டபோது, திசை மாறியிருந்தது: வடக்கிலிருந்து மட்டக்களப்பை நோக்கி.