வாங்குகிற கை
நம் தொழில்முயற்சிகளின் வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்



இரட்டைமலை சீனிவாசன் மறைந்தது 1945 செப்டம்பர் 18ஆம் நாள். ஆண்டுதோறும் அவரை நினைக்கக் கூடும்போது, வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்தவர், சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் நம் குரலாக ஒலித்தவர் என்று பேசுவது நம் வழக்கம். இந்த ஆண்டு அவரை இன்னொரு பக்கத்திலிருந்து பார்க்க விரும்புகிறோம். அவர் நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிறுவனத்தில் கணக்கர் வேலை பார்த்தவர். வரவு செலவு தெரிந்தவர். பிறகு சென்னைக்கு வந்து, ஒரு பத்திரிகையை அச்சிட்டு, விலை வைத்து, விற்றவர். ஆக, அவர் ஒரு தொழில்முனைவோரும்கூட.

இதை இப்போது பேசக் காரணம் இருக்கிறது. நம் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிகளில் இன்று அடிக்கடி ஒரு பேச்சு நடக்கிறது. அரசு வேலையை எதிர்பார்க்காதே, சொந்தத் தொழில் தொடங்கு, தன்னம்பிக்கை இருந்தால் வென்றுவிடலாம் என்கிறார்கள். இந்தப் பேச்சை நாம் முழுதாகத் தள்ளிவிட முடியாது. பொருளில் சொந்தக் காலில் நிற்காத சமூகத்தின் மானம் அடுத்தவன் படியளக்கும் களத்தில் அடகு கிடக்கிறது என்பதை நம் பாட்டன்மார் அறிந்திருந்தார்கள். ஆனால் இந்தப் பேச்சு ஒரு கேள்வியைக் கேட்பதே இல்லை: கடை போட்டால் நம் கையிலிருந்து வாங்கப்போவது யார்?

முதலீடு எங்கே கிடைக்கும் என்பது எல்லாச் சாதி ஏழைக்கும் உள்ள கேள்வி. வாங்குகிற கை எது என்பது நமக்கு மட்டுமே உள்ள கேள்வி. நம் முன்னோர் அதற்குத் தேடிய விடைகளைப் பம்பாய், கோலாப்பூர், இரங்கூன், சென்னை–கோலார் என்று நான்கு இடங்களில் பார்ப்போம்.

பம்பாய்: தெரிந்துபோன பெயர்

1917இல் அம்பேத்கர் மேல்நாட்டுப் படிப்பிலிருந்து திரும்பினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்தவர். இலண்டனில் தொடங்கிய ஆய்வை உதவித்தொகை முடிந்ததால் பாதியில் விட்டு வந்தவர். பரோடா அரசில் பணியில் சேர்ந்தார். அங்கே கோப்புகளைத் தூக்கி எறிந்த சிப்பந்திகளையும், தங்க இடம் தராத ஊரையும் நாம் படித்திருக்கிறோம். பம்பாய்க்குத் திரும்பிய பிறகு அவர் செய்த ஒரு காரியத்தைப் பலர் கவனிப்பதில்லை. பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு சிறு நிறுவனத்தை அவர் தொடங்கினார்.

தொழில் நன்றாகவே தொடங்கியது. ஆலோசனை சொல்பவர் மகர் சாதிக்காரர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர் வரத்து நின்றுபோனது. நிறுவனத்தை மூட வேண்டியதாயிற்று. 1918இல் சைடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்தார். அங்கேயும் ஆசிரியர்களுக்கான பானையிலிருந்து அவர் தண்ணீர் குடிப்பதைச் சிலர் எதிர்த்தார்கள்.

இந்த மனிதருக்குத் தன்னம்பிக்கை குறைவா? திறமை குறைவா? ரூபாயின் சிக்கலைப் பற்றி 1923இல் நூல் வெளியிட்டவர் அவர். அவருடைய ஆலோசனையை வாங்கியவர்களுக்குச் சரக்கில் குறை தெரியவில்லை. விற்கிற ஆளின் சாதி தெரிந்தது, அவ்வளவுதான். சாதிக்குக் கண் கிடையாது, சந்தையில் காசுக்கே மதிப்பு என்று சொல்கிறவர்களிடம் நாம் எடுத்துக்காட்ட வேண்டிய முதல் நிகழ்ச்சி இது.

கோலாப்பூர்: அரசன் குடித்த தேநீர்

அதே மராட்டிய மண்ணில் கோலாப்பூர் அரசர் சாகு மகாராஜ். 1902இலேயே தம் அரசில் பிற்படுத்தப்பட்டோருக்குப் பாதி இடங்களை ஒதுக்கியவர். அவருடைய அரண்மனை லாயத்தில் கங்காராம் காம்ப்ளே என்ற மகர் பணியாள் இருந்தார். மேல்சாதியாருக்கான தண்ணீரைத் தொட்டதற்காக அவரை அடித்தார்கள். முறையீடு சாகுவிடம் போனது. அடித்தவர்களைத் தண்டித்ததோடு அரசர் நிற்கவில்லை. கங்காராம் சொந்தத் தொழில் செய்ய உதவினார். கோலாப்பூர்க் கடைத்தெருவில் ஒரு தேநீர்க்கடை எழுந்தது.

கடை சுத்தமாக இருந்தது, தேநீரும் நன்றாக இருந்தது. ஆனால் நடத்துகிறவர் யார் என்று தெரிந்ததும் ஊரார் ஒதுங்கினார்கள். பம்பாயில் நடந்ததேதான் இங்கும். அப்போது சாகு செய்தது எளிய செயல். தம் வண்டியைக் கடைவாசலில் நிறுத்தி, தெரு அறிய, கங்காராமிடம் தேநீர் வாங்கிக் குடித்தார். உடன் வந்தவர்களையும் குடிக்கச் செய்தார். அரசன் குடித்த கோப்பையை எந்தக் குடிமகன் தீட்டென்று சொல்வான்? கடை பிழைத்தது.

இங்கே சாகு பணம் கொடுத்ததைவிட வாடிக்கையாளராக வந்து நின்றது பெரிது. 1922இல் சாகு மறைந்தார். 1925இல் அவருக்கு முதல் நினைவுச் சின்னத்தை எழுப்ப முன்னின்றவர் இதே கங்காராம் காம்ப்ளே. ஒரு கோப்பைத் தேநீரில் தொடங்கிய உறவு மரணத்தைத் தாண்டியும் நின்றது.

ஆனால் இந்த வழியின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். எல்லா ஊரிலும் சாகு இருக்கமாட்டார். 1920 ஜனவரி 31இல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கியபோது சாகு 2,500 ரூபாய் கொடுத்து உதவினார். அந்த இதழுக்கான விளம்பரத்தை, காசு கொடுத்தும், திலகரின் ‘கேசரி’ வெளியிட மறுத்தது. வெளியுலகம் கதவைச் சாத்தியது. புரவலர் கை கொடுத்தார். ஆனாலும் சில ஆண்டுகளில் இதழ் நின்றது. ஒரு வள்ளலின் கொடை தொழிலைத் தொடங்கிவைக்கும். அதைத் தொடர்ந்து நடத்தப் பல கைகள் வேண்டும்.

இரங்கூன்: கடல் கடந்தால் சாதி தொலையுமா?

மூன்றாவது வழி, ஊரை விட்டே போவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கப்பலேறிய நம்மவர்கள் பலர். பெரும்பாலோர் கூலிகளாகப் போனார்கள். சிலர் வணிகத்தில் உயர்ந்தார்கள். அவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் பெ. மா. மதுரைப் பிள்ளை (1858–1913). சென்னையிலிருந்து இரங்கூன் சென்று, துறைமுகத்தில் கப்பல் சரக்குத் தொழிலில் பெரும் பொருள் ஈட்டினார். அங்கே பள்ளி நடத்தினார். தமிழ்ப் புலவர்களை ஆதரித்தார்.

துறைமுகத்தில் சரக்கை இறக்க வேண்டிய ஐரோப்பியக் கம்பெனிக்கு இவர் எந்தத் தெருவில் பிறந்தார் என்பது தேவைப்படவில்லை. குறித்த நேரத்தில் சரக்கு இறங்கினால் போதும். வாங்குகிற கை மாறியதும் அதே உழைப்புக்கு வேறு விலை கிடைத்தது. ஊரில் தடையாக இருந்தது எது என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

அந்தச் செல்வம் அடுத்த தலைமுறைக்கும் படிக்கட்டு ஆனது. மதுரைப் பிள்ளையின் மகள் வயிற்றுப் பேத்திதான் 1904இல் இரங்கூனில் பிறந்த மீனாம்பாள் சிவராஜ். நம் இயக்கத்தின் மேடைகளில் பெண்குரலாக உயர்ந்து நின்ற அன்னை மீனாம்பாளின் பின்னே, துறைமுகத்தில் ஈட்டிய பொருளும் அது தந்த கல்வியும் இருந்தன. ஆனால் எல்லோரும் கப்பலேற முடியாது. ஊரில் தங்கியவர்கள் என்ன செய்தார்கள்?

சென்னையும் கோலாரும்: இரண்டணா, காலணா

1893 அக்டோபரில் சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். நான்கு பக்கம், விலை இரண்டணா. மாத இதழாகத் தொடங்கி வார இதழானது.

அந்தப் பெயரைக் கவனியுங்கள். பம்பாயில் சாதி தெரிந்ததும் ஒரு நிறுவனம் மூடப்பட்டது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்பே சென்னையில் ஒருவர் எந்தப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ அதையே இதழின் தலையில் பொறித்துக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தார். அயோத்திதாசப் பண்டிதருக்கு அந்தப் பெயரில் உடன்பாடு கிடையாது. அந்தக் கருத்து வேறுபாடு நம் வரலாற்றில் முக்கியமானது. ஆனால் தொழில் கண்ணோடு பார்த்தால் சீனிவாசன் செய்த கணக்கு புரியும். வெளியாள் இதை வாங்கமாட்டான். நம் ஆள் இதைத் தேடி வாங்குவான். 1896இல் இதழில் வந்த ஒரு கடிதத்துக்காக வழக்குப் போட்டு அவருக்கு 100 ரூபாய் தண்டம் விதித்தார்கள். இரண்டணா இதழுக்கு அது எவ்வளவு பெரிய தொகை! அப்படியும் இதழ் 1900 வரை வந்தது.

1907 ஜூன் 19இல் இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைக் கொண்டுவந்தார். விலையே பெயராயிற்று. ஒரு பைசா என்றால் காலணா. மறு ஆண்டு ‘தமிழன்’ என்று பெயர் மாறியது; 1914 மே மாதம் பண்டிதர் மறையும்வரை அவர் அதை நடத்தினார்.

இந்தக் காலணா எங்கிருந்து வந்தது? பண்ணையில் உழைத்தவனுக்குக் கூலி தானியமாக அளக்கப்பட்டது. தானியத்தைக் கொண்டு பத்திரிகை வாங்க முடியாது. காசுக் கூலி கிடைத்த இடங்கள் வேறு: இரயில்வே, பட்டாளம், வெள்ளையர் வீட்டு வேலை, கடல் கடந்த நாடுகள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கோலார் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே வந்த பின், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துச் சேரிகளிலிருந்து மக்கள் சாரை சாரையாகப் போனார்கள். அந்தக் காசு இலேசான காசு கிடையாது. பாறை வெடித்துச் செத்தவர்களும் தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டவர்களும் தந்த காசு அது. ஆனாலும் அது கையில் விழுந்த காசு. எதை வாங்குவது என்று தானே முடிவு செய்யும் உரிமை முதன்முதலாக அதோடு வந்தது.

அந்த உரிமையைக் கொண்டு தங்கவயல் மக்கள் ‘தமிழனை’ வாங்கினார்கள். ஒருவர் வாங்க, பலர் கூடியிருந்து கேட்டார்கள். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் எழுந்தன. 1898இல் கொழும்பில் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிய பண்டிதர் தொடங்கிய சங்கம் அது. திருமணத்துக்கும் சாவுக்கும் அடுத்தவனை எதிர்பாராத ஒரு வாழ்க்கை முறையை அது கொடுத்தது. சங்கத்தில் கூடியவர்களே சந்தாதாரர்கள், சந்தாதாரர்களே செய்தியாளர்கள், அவர்களே நூல் பதிப்பிக்கப் பொருள் தந்தவர்கள். நம்பிக்கை என்ற சொல்லுக்கு நம் வரலாற்றில் உள்ள பொருள் இதுதான். தனி ஒருவன் கண்ணாடி முன் நின்று ‘என்னால் முடியும்’ என்று சொல்லிக்கொள்வதைவிட, ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் கூடி ஒருவரையொருவர் நம்பியது நீண்ட நாள் நின்றது.

எவ்வளவு நாள்? பண்டிதர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1926இல், ‘தமிழன்’ மீண்டும் வெளிவந்தது கோலார் தங்கவயலிலிருந்துதான். ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களைச் சாம்பியன் ரீஃபில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டுக் காத்தது. இன்று நாம் அயோத்திதாசரைப் படிக்க முடிகிறதென்றால், ஒரு காலத்தில் சுரங்கத் தொழிலாளிகள் தொடர்ந்து வாசகராக நின்றார்கள் என்பதே காரணம்.

இன்றைய கணக்கு

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2018இல் அவிநாசி வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் சத்துணவு சமைக்க வந்த தலித் பெண்ணைச் சமைக்கவிடாமல் சாதி இந்துக்கள் தடுத்தார்கள். கங்காராமின் தேநீரும் அந்தப் பெண்ணின் சோறும் நூறாண்டு இடைவெளியில் ஒரே கேள்வியைச் சந்தித்தன. பக்கத்து ஊர்ப் பேருந்து நிலையத்தில் இட்லிக்கடை போடும் நம் இளைஞனை ‘தம்பிக்கு எந்தத் தெரு?’ என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்களே, அதுவும் அதே கேள்விதான்.

கடன் திட்டங்கள் வந்திருக்கின்றன. 1974 முதல் தாட்கோ இருக்கிறது. 2016 முதல் ஸ்டாண்ட் அப் இந்தியா வந்தது. 2023இல் தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் 35 சதவீத மூலதன மானியத்தோடு தொழில் திட்டம் அறிவித்தது. இவை போராடிப் பெற்றவை, பயன்படுத்த வேண்டும். ஆனால் இவை முதலுக்கு வழி. வாங்குகிற கைக்கு வழி வேறு. அதைத் தொட்டது 2012இல் வந்த மத்திய அரசின் பொதுக் கொள்முதல் ஆணை. மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்கும் பொருளில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்றது அது. சாகு கடைவாசலில் வண்டியை நிறுத்தியதன் சட்ட வடிவம் அது என்று சொல்லலாம். பல ஆண்டுகளாகியும் அந்த 4 சதவீதம் எட்டப்படவில்லை.

ஆகவே இந்த அவையில் மூன்று வேலைகளை முன்வைக்கிறோம்.

மாணவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தின்படி, தம் மாவட்டத்திலுள்ள மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களிடம் இந்தக் கொள்முதல் கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும். இடஒதுக்கீட்டு இடங்களை எண்ணக் கற்றுக்கொண்ட நாம் கொள்முதலையும் எண்ண வேண்டும்.

நம் தெருவில் கடை வைத்தவரிடம், நம் இதழ் நடத்துகிறவரிடம், வாங்குகிறவராக நேர்மையோடு நிற்க வேண்டும். ‘நம்ம ஆள்தானே’ என்று கடன் சொல்லிவிட்டுத் திருப்பித் தராமல் இருப்பது, ஊரார் ஒதுங்கிப் போனதற்குச் சமமான கேடு. சந்தாவைக் காலத்தில் கட்டுங்கள். காலணா தவறாமல் வந்ததால்தான் ‘தமிழன்’ வந்தது. ஏழை ஏழையிடம் வாங்கி எவ்வளவு உயர முடியும் என்று கேட்கலாம். எல்லை உண்டுதான். அதனால்தான் அரசின் கொள்முதலையும் சேர்த்துக் கேட்கிறோம்.

மூன்றாவதாக, நம் வீடுகளில் தூங்கும் பழைய கணக்கு நோட்டுகள், சந்தா இரசீதுகள், கடை உரிமங்கள், கடிதங்களைக் கரையான் அரிக்கும் முன் எடுத்து வையுங்கள். தலைவர்களின் உரைகளைத் திரட்டியிருக்கிறோம். விற்றவர்கள், வாங்கியவர்கள் வரலாறு இன்னும் பரண்மேல் கிடக்கிறது. கணக்கராக வாழ்க்கையைத் தொடங்கிய சீனிவாசனுக்கு நாம் செலுத்தும் அஞ்சலியை அந்த நோட்டுகளிலிருந்து தொடங்குவோம்.

ஜெய் பீம்.