கட்டி வைத்த பொட்டலமும் அடுத்த பக்கமும்: ஓர் இணைய நுட்பத்தின் வரலாறு



ஒரு கட்டுரைப் போட்டியில் பதிந்துகொண்டவர்களின் பெயர்ப்பட்டியல் இணையத்தில் வெளிவந்த நாள். என் மாணவி ஒருத்தி கைப்பேசியோடு ஓடி வந்தாள். "டீச்சர், என் பேரைக் காணோம்!" நானும் மேலிருந்து கீழ்வரை தள்ளித் தள்ளிப் பார்த்தேன். இல்லை. மூன்று முறை பக்கத்தைப் புதுப்பித்தும் இல்லை. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், முதல் பக்கத்தின் கடைசியில் 20ஆவது பெயராக நிற்கிறது! அதற்குள் அவள் அழுதே விட்டாள். யாரும் அவள் பெயரை நீக்கவில்லை. பிறகு அது எங்கேதான் போயிருந்தது? விடை தெரிய வேண்டுமானால், இரண்டு நுட்பங்கள் பிறந்த கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் கதை 'கேஷ்'. நம்மூர் ஒட்டுக்கடையை நினைத்துப் பாருங்கள். ரொட்டி சானாய் கேட்டால் அப்போதுதான் வீசிப் போடுவார்கள், காத்திருக்கணும். நாசி லெமாக் அப்படியில்லை. முன்பே பொட்டலம் கட்டி வைத்திருப்பார்கள், எடுத்துக்கொண்டு போய்விடலாம். அடிக்கடி கேட்கப்படுவதை முன்பே கட்டி வைப்பதுதான் கேஷ். கணினிக்குள் இந்த எண்ணத்தை 1965இல் கேம்பிரிட்ஜின் மொரிஸ் வில்க்ஸ் ஒரு சிறு கட்டுரையில் விளக்கினார். 1968இல் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம் 360 மாடல் 85 கணினியில் அது விற்பனைக்கு வந்தது. பிரெஞ்சு மொழியில் 'மறைத்து வை' என்னும் பொருள் தரும் சொல்லிலிருந்தே இப்பெயர் வந்தது.

1991இல் வைய விரிவு வலை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதும் இணைப்பின் வேகம் பெரிய சிக்கலாயிற்று. 1994இல் செர்ன் ஆய்வுக்கூடத்தின் வழங்கி நிரல், ஒருவர் கேட்ட பக்கத்தைச் சேமித்து அடுத்தவருக்குக் கொடுக்கத் தொடங்கியது. 1997இல் வந்த எச்.டி.டி.பி. 1.1 நெறிமுறை, ஒரு பக்கத்தை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம், யாருக்கு மட்டும் காட்டலாம் என்பதற்கெல்லாம் விதி வகுத்தது. 2003இல் பிராட் பிட்ஸ்பாட்ரிக், தம்முடைய லைவ்ஜர்னல் தளத்தின் தரவுத்தளம் சுமை தாங்காமல் தவித்ததால், மெம்கேஷ்ட் என்னும் நிரலை உருவாக்கினார். தரவுத்தளத்திடம் ஒருமுறை கேட்டுப் பெற்ற விடையை வழங்கியின் நினைவகத்திலேயே வைத்துக்கொள்வது அதன் வேலை.

இரண்டாவது கதை 'அடுத்த பக்கம்'. நீண்ட பட்டியலை 20, 20 ஆகப் பிரித்துக் காட்டுவது பழைய வழக்கம்தான். ஆனால், 'அடுத்து' என்று அழுத்தினால் முழுப் பக்கமும் வெளுத்துப் போய் மீண்டும் வரும். 1999இல் மைக்ரோசாப்ட் தன் அவுட்லுக் மின்னஞ்சலின் இணைய வடிவத்திற்காக ஒரு வழி கண்டது. பக்கம் அப்படியே இருக்க, பின்னணியில் தரவு மட்டும் வந்து சேரும். அது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5இல் வெளிவந்தது. 2004இல் ஜிமெயிலும் 2005இல் கூகுள் மேப்ஸும் இந்த முறையைப் பிரபலப்படுத்தின. 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இதற்கு 'ஏஜாக்ஸ்' என்று பெயர் சூட்டினார். 2006இல் ஏஸா ராஸ்கின் முடிவில்லாமல் உருளும் பக்கத்தை வடிவமைத்தார். பின்னாளில் அதற்காக அவரே வருத்தம் தெரிவித்தார்.

இரண்டுமே நல்ல கண்டுபிடிப்புகள்தான், இல்லையா? இனிதான் கவனிக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தபோது, தனித்தனியே அவ்வளவாகத் தெரியாத ஒரு பிழை பெரிதானது.

அந்தப் பெயர்ப்பட்டியலுக்கே திரும்புவோம். முதல் 20 பெயர்கள் கேஷில் பத்து நிமிடத்திற்குக் கட்டி வைக்கப்பட்டன. என் மாணவி 21ஆவது. இதற்கிடையில் 7ஆவது ஆள் விலகிக்கொண்டார். உண்மைப் பட்டியலில் என் மாணவி இப்போது 20. ஆனால், முதல் பக்கம் பழைய பொட்டலம். அதில் அவள் இல்லை. கீழே தள்ளியதும் உலாவி, "முதல் 20 பேரை விட்டுவிட்டு அடுத்தவர்களைத் தா" என்று தரவுத்தளத்திடம் கேட்டது. வந்ததோ பழைய 22ஆம் ஆளிலிருந்து. இரண்டு பக்கங்களுக்கும் இடையிலிருந்த சந்தில் அவள் பெயர் விழுந்துவிட்டது. கேஷ் இல்லாவிட்டால் ஒருமுறை புதுப்பித்தாலே சரியாகியிருக்கும். கேஷ் இருந்ததால் எத்தனை முறை புதுப்பித்தாலும், யார் பார்த்தாலும் அதே பிழைதான். ஒருவர் விலகாமல் புதிதாக ஒருவர் முன்னே சேர்ந்திருந்தால், யாரோ ஒருவர் பெயர் இரண்டு முறை வந்திருக்கும்.

இதற்குத் தீர்வு உண்டு. முதலாவது, எண்ணிக்கையைச் சொல்லிக் கேட்காமல் அடையாளத்தைச் சொல்லிக் கேட்பது. "20 பேரை விட்டுவிடு" என்பதற்குப் பதில், "நான் கடைசியாகப் பார்த்த இந்தப் பதிவு எண்ணுக்குப் பிறகு தா" என்று கேட்டால் மாணவியின் பெயர் தவறாமல் வந்திருக்கும். விலகியவர் பெயர் சற்று நேரம் நிற்கும். அதனால் யாருக்கும் கண்ணீர் இல்லை. ட்விட்டர் போன்ற தளங்கள் தங்கள் நிரல் இடைமுகத்தில் இவ்வழியையே பின்பற்றின. தரவுத்தளத்துக்கும் இது எளிது. விட்டுவிட வேண்டிய ஆயிரக்கணக்கான வரிசைகளை ஒவ்வொன்றாகக் கடக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, பொட்டலத்தின் மேல் பதிப்பு எண்ணை ஒட்டுவது. பட்டியல் மாறினால் எண்ணும் மாறும். அடுத்த பக்கம் கேட்கும்போது எண் ஒத்துப்போகாவிட்டால், "பட்டியல் மாறிவிட்டது, முதலிலிருந்து பாருங்கள்" என்று வழங்கி சொல்லிவிடும்.

இன்னும் ஒரு சிக்கல். பலரும் கேட்கும் பொட்டலம் தீர்ந்த நொடியில் எல்லாரும் ஒரேயடியாகத் தரவுத்தளத்தை மொய்ப்பார்கள். பேஸ்புக் பொறியாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதற்கு வழி சொன்னார்கள். ஒருவருக்கு மட்டும் புதிதாகக் கட்ட அனுமதி. மற்றவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். கடை வரிசையில் நாம் செய்வதும் அதுதானே!

மாணவர்களே, வரலாற்றுத் தேர்வில் 'காரணங்களை விளக்குக' என்று கேட்டால் நாம் 1, 2, 3 என்று அடுக்கிவிட்டு எழுந்துவிடுகிறோம். இந்தக் கதையில் கேஷ் மட்டும் காரணம் என்றாலும் தவறு. பக்கப் பிரிப்பு மட்டும் காரணம் என்றாலும் தவறு. இரண்டும் சந்தித்த இடமே காரணம். உங்கள் விடையிலும் அந்தச் சந்திப்பை ஒரு வாக்கியத்தில் எழுதிக் காட்டுங்கள்.

ஆசிரியர்களே, அடுத்த முறை ஒரு பிள்ளை "என் பேர் இல்லை" என்று வந்து நின்றால், "சரியாகப் பார்த்தாயா?" என்று கடிந்துகொள்ள வேண்டாம். அந்தப் பிள்ளை சரியாகவே பார்த்திருக்கலாம்.