வலியும் அறிவும்: இலண்டனின் பழைய அறுவை அரங்கு

இலண்டன் மாநகரில், தேம்சு ஆற்றின் தென்கரையில், இலண்டன் பாலத்திற்கு அண்மையில் புனித தாமஸ் தேவாலயம் என்னும் பழைய செங்கற் கட்டடம் உள்ளது. அதன் கோபுரத்தினுள் செல்லும் குறுகிய சுழற்படிகள் 52-ஐயும் ஏறினால் கூரைக்கு அடியிலுள்ள மாடத்தை அடையலாம். அங்கே மன்னர்களின் மணிமுடிகள் இல்லை. ஒரு மர மேசை, மரத்தூள் பெட்டி, எலும்பை அறுக்கும் வாள்கள், மேசையைச் சூழ அரைவட்டமாக எழும்பும் மரப்படிகள் ஆகியவையே உள்ளன. 1822ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அறுவை அரங்கு அது. இன்று சிறியதோர் அருங்காட்சியகமாக விளங்குகிறது.

தேவாலயத்தின் கூரையில் அறுவை அரங்கு அமைந்தது வியப்பாகத் தோன்றலாம். அக்காலத்தில் புனித தாமஸ் மருத்துவமனை இத்தேவாலயத்தை ஒட்டியே இருந்தது. பெண்களுக்கான அறுவை நோயாளர் கூடம் மாடத்திற்கு அடுத்தே அமைந்திருந்தது. மருத்துவமனையின் மருந்தாளர் மாடத்தில் மூலிகைகளை உலர்த்திச் சேமித்து வந்தார். 1822க்கு முன்னர், பெண்களுக்கான அறுவை மற்ற நோயாளிகளின் கண்ணெதிரிலேயே கூடத்தில் நடைபெற்றது. அந்த அவலத்தைத் தவிர்க்கவே தனி அரங்கு எழுந்தது. செல்வர்கள் தம் இல்லங்களிலேயே அறுவை செய்துகொண்டனர். இம்மேசையில் கிடத்தப்பட்டவர்கள் ஏழைப் பெண்கள். ஊதியத்திற்காக அன்று, இரக்கத்தினால் என்னும் பொருள்படும் இலத்தீன் வாசகமும் அரங்கின் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளது.

ஆயினும், அரங்கில் நிகழ்ந்தவை கேட்போர் உள்ளத்தை நடுங்கச் செய்பவை. மயக்க மருந்து அறியப்படாத அந்நாளில், நோயாளியை உதவியாளர்கள் இறுகப் பற்றிக்கொள்ள, மருத்துவர் காலையோ கையையோ அறுத்தெடுத்தார். சிந்திய குருதியை மரத்தூள் ஏற்றுக்கொண்டது. தேர்ந்த மருத்துவர் ஓரிரு நிமிடங்களில் பணியை முடித்தார். அவ்விரைவு வெறும் திறமைக் காட்சி அன்று. நோயாளிக்கு அவர் காட்டக்கூடிய கருணையும் அதுவே. சுற்றியிருந்த படிகளில் மாணவர்கள் நெருக்கியடித்து நின்று கவனித்தனர். சுருங்கக் கூறின், அவ்வரங்கு ஒரு வகுப்பறை.

1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் ஈதர் ஆவியால் நோயாளியை மயங்கச் செய்து அறுவைக்கு வழிவகுத்தார். அதே ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் இலண்டனில் ராபர்ட் லிஸ்டன் ஈதரின் துணையுடன் ஒரு காலை அகற்றினார். இரண்டே திங்களில் புதுமை கடல் கடந்தது. அறுவையின் வலி ஒழிந்தது. ஆனால் சாவு ஒழியவில்லை. மேசையில் உயிர் பிழைத்தோர் பலர், புண் சீழ்கொண்டு, காய்ச்சல் கண்டு, சில நாள்களில் மாண்டனர்.

காரணம் யாது? குருதியும் சீழும் படிந்த பழைய அங்கியை அணிந்தே மருத்துவர் அறுவை செய்தார். அங்கியின் கறை அவருடைய அனுபவத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. கைகளை அறுவைக்குப் பின்னரே கழுவினார். படிகளில் நின்ற மாணவர்கள் கத்தி பிடிக்கும் முறையைக் கற்றபோதே இவ்வழக்கத்தையும் கற்றனர். ஆசிரியரின் திறமையோடு அவருடைய அறியாமையும் மாணவரிடம் சென்று சேர்ந்தது.

1847இல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ், பிணங்களை அறுத்துப் பயின்ற மாணவர்கள் கழுவாத கையுடன் மகப்பேற்றுக் கூடத்திற்கு வருவதே தாய்மார் இறப்புக்குக் காரணம் எனக் கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவச் செய்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த இறப்பு, ஜூனில் ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது. எனினும், மருத்துவ உலகில் பெரும்பாலோர் அவர் கூற்றை ஏற்கவில்லை. 1865 ஆகஸ்டில் மனநோயாளர் விடுதியில் அவர் உயிர் நீத்தார். அதே திங்களில், கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர், நுண்ணுயிர் பற்றிய பாஸ்டரின் ஆய்வைத் துணைக்கொண்டு, கால் முறிந்த சிறுவன் ஒருவனின் புண்ணுக்குக் கார்பாலிக் அமிலத்தால் மருந்திட்டார். அச்சிறுவன் பிழைத்தான்.

ஈதரை உலகம் திங்கள்களில் ஏற்றது. கைகழுவுதலை ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின. ஈதரின் பயன் எல்லாருடைய கண்ணுக்கும் உடனே புலப்பட்டது. நுண்ணுயிரோ கண்ணுக்குப் புலப்படாதது. மேலும், கைகழுவுதலை ஏற்பதாயின், தம் கையே சாவைச் சுமந்தது என்பதையும் மருத்துவர் ஏற்க வேண்டியிருந்தது. அறிவின் வளர்ச்சிக்கு அறியாமையைவிடப் பெருந்தடை தன்மதிப்பே என்பதை இவ்வரலாறு தெளிவுறுத்துகிறது.

புகைவண்டிப் பாதைக்காக நிலம் கைமாறியதால் 1862இல் மருத்துவமனை இடம்பெயர்ந்தது, மாடம் மூடப்பட்டது. லிஸ்டரின் வெற்றிக்கு மூன்று ஆண்டுகள் முன்னரே அரங்கு மறைந்துவிட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இருளில் கிடந்த அதனை 1957இல் ரேமண்ட் ரசல் கண்டறிந்தார். 1962இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பிற்காலத்தில் அதன் கூரையிடுக்கில் அபினிச் செடியின் உலர்ந்த காய்களும் கண்டெடுக்கப்பட்டன.

வாள்களைக் காணும் மாணவர் அஞ்சுவது இயல்பு. ஆனால் அவற்றைப் பிடித்தவர்கள் கொடியவர் அல்லர். இரக்கத்தைச் சுவரில் பொறித்தவர்கள். இரக்கம் இருந்தும் அறிவு போதாமையால் உயிர்கள் மடிந்தன. அறுவைக்குப் பின் கழுவிய கையை அறுவைக்கு முன் கழுவுவது சிறு மாற்றமே. அதனைக் கேட்கத் துணிந்த மாணவர் அப்படிகளில் நின்றிருந்தால், அந்த ஏழைப் பெண்களுள் பலர் வீடு திரும்பியிருப்பர். வகுப்பறையில் எழும் ஐயத்தை ஆசிரியர் வரவேற்க வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.